மார்கழி ராத்திரியில் மாடு படுக்க மாட்டேன் என்கிறது: கொட்டாயை மூடலாமா, ராத்திரி தீனி போடலாமா?

ராகிக்கொல்லை (குப்பம் பக்கம்)

எங்கள் வீட்டில் ஒரு ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்ற சீமை இனம்) கலப்பு, ஒரு ஜோடி நாட்டு மாடு, கொஞ்சம் வெள்ளாடு இருக்கின்றன. மார்கழி பிறந்ததிலிருந்து ஹெச்.எஃப். ராத்திரியில் சரியாகப் படுப்பதே இல்லை. எப்போது எழுந்து போய்ப் பார்த்தாலும் நின்றுகொண்டிருக்கிறது. விடியற்காலையில் முதுகு மயிர் சிலிர்த்துக் கிடக்கிறது. பாலும் குறைந்துவிட்டது.

கொட்டாய்க்கு மேலே தகரம், கீழே சிமெண்ட் தரை. ஒரு பக்கம்தான் சுவர், மற்ற மூன்று பக்கமும் திறந்திருக்கும். சாயங்காலம் பால் கறந்ததும் புண்ணாக்கு, தவிடு கலந்து வைப்போம். தட்டு (காய்ந்த தாள் தீனி) போடுவது காலையில்தான். பக்கத்து வீட்டுக்காரர் நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி மூடச் சொல்கிறார். என் மாமா, "ராத்திரியில் தீனி போட்டால் மாட்டுக்குச் செரிக்காது" என்கிறார். கனடாவில் மாடுகள் பனிக்கட்டி மேலேயே படுத்திருக்கும் வீடியோவைப் பார்த்தேன். அங்கே அப்படி என்றால், நம் ஊர் பதினாலு பதினைந்து டிகிரிக்கு இது ஏன் இப்படி நிற்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேட்டுக்காடு (பேரணாம்பட்டு)

தம்பி, நீங்கள் தீனியைத் தலைகீழாகப் போடுகிறீர்கள். தட்டு போட வேண்டியது சாயங்காலம். எங்கள் அப்பா காலத்தில் ராகித் தாளை உதறி, பொழுது சாய்ந்ததும் ஒரு கட்டு, படுக்கப் போகும் முன் ஒரு கட்டு போடுவார்கள். ராத்திரி முழுக்க மாடு அசை போட்டுக்கொண்டே கிடக்கும். உங்கள் மாமா சொல்வது அரிசிச் சோற்றுக்கும் மாவுக்கும் பொருந்தும், தட்டுக்குப் பொருந்தாது.

அப்புறம், சிமெண்ட் தரை மேல் ஒன்றும் போடாமல் எந்த மாடு படுக்கும்? கடலைத் தோல், கரும்புத் தோகை, வைக்கோல் கூளம் என்று எது கிடைக்கிறதோ அதைப் பரப்புங்கள். காலையில் வாரிக் குப்பையில் போட்டால் எருவாகும், நட்டம் ஒன்றும் இல்லை.

பாலாற்றுக்கரை (கால்நடை மருத்துவர்)

பெரியவர் சொன்னது சரி. காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

வளர்ந்த பசுவின் முதல் வயிறு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரை நொதிக்க வைத்தபடியே இருக்கும். அதன் வெப்பம் 39, 40 டிகிரிக்குக் குறையாது. அது ராத்திரி முழுக்க அணையாமல் கனியும் உமி அடுப்பு. நார் மிகுந்த தீனி செரிக்கும்போது வெளிவரும் சூடு, தவிடு மாவு செரிக்கும்போது வருவதைவிட அதிகம். தின்று சில மணி நேரம் கழித்துத்தான் அந்தச் சூடு உச்சத்துக்குப் போகும். காலையில் தட்டு போட்டால் அந்தச் சூடு நல்ல வெயில் நேரத்தில் வந்து வீணாகிறது. சாயங்காலம் ஏழு எட்டு மணிக்குப் போட்டால் நடுச்சாமத்துக்கு மேல், குளிர் ஏறும் நேரத்துக்குக் கைகொடுக்கும்.

அடுத்தது படுக்கை. ஒரு பசு நாளில் 10 முதல் 12 மணி நேரம் படுக்க வேண்டும். அசை போடுவது 7, 8 மணி நேரம். அதில் பெரும்பகுதி ராத்திரியில் படுத்தபடி நடப்பது. தூக்கம் என்று பார்த்தால் சுமார் 4 மணி நேரம்தான், அதுவும் விட்டு விட்டு. கழுத்தை விலாப்பக்கம் மடித்து வைத்துக்கொண்டு ஆழ்ந்து தூங்குவது அரை மணி, முக்கால் மணி. நின்றபடி கண்ணயரும், ஆனால் அந்த ஆழ்ந்த தூக்கம் படுத்தால்தான் வரும். பசியும் களைப்பும் சேர்ந்து இருக்கும் மாட்டை அவிழ்த்துவிட்டால் அது முதலில் படுக்கத்தான் இடம் தேடும், தீனி அப்புறம்தான். படுத்திருக்கும்போது மடிக்கு ரத்த ஓட்டமும் கூடும். உங்கள் மாடு ராத்திரியெல்லாம் நிற்கிறது என்றால் பால் குறைந்ததற்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது.

நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு கவளம் மேலே வந்ததிலிருந்து விழுங்கும் வரை எத்தனை முறை மெல்கிறது என்று எண்ணுங்கள். 50, 60 வந்தால் நார் போதும். அதைவிட நன்றாகக் குறைந்தால் தட்டு போதவில்லை.

சூளகிரி பால்

எல்லாம் சரி, ஆனால் ஹெச்.எஃப். கலப்புக்கு நம் ஊர்க் குளிர் ஒரு குளிரா? 5 முதல் 25 டிகிரி வரை அதற்குச் சுகமான வெப்பநிலை என்றுதான் எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள். சித்திரையில் நுரை தள்ளிக்கொண்டு நிற்பதற்கு அது மார்கழியைக் கும்பிட வேண்டும். 14 டிகிரியில் அது படுக்கவில்லை என்றால் குளிர் காரணமே இல்லை. தரை, உண்ணி, கொசு, கயிறு நீளம், கால்குளம்பு என்று வேறு எதுவோ இருக்கிறது. கொட்டாய்க்குள் சாரைப்பாம்பு வந்தாலும் நிற்கும். நாட்டு மாடுகள் என்ன செய்கின்றன? அதைச் சொல்லவே இல்லையே?

தார்ப்பாய் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். நாலு பக்கமும் கட்டினால் மூத்திர வாடை உள்ளேயே தேங்கும். மாட்டின் மூச்சில் வரும் ஈரம் தகரத்தில் முட்டி, விடியும் நேரத்தில் சொட்டுச் சொட்டாக முதுகில் விழும். எங்கள் பக்கம் இப்படி மூடிய கொட்டாயில் கன்றுகள் வரிசையாக இருமின.

ராகிக்கொல்லை

நாட்டு மாடு இரண்டும் வெளியே புளிய மரத்தடியில் மண் தரையில் கட்டியிருக்கின்றன. அவை படுத்துத்தான் இருக்கின்றன! இதை நான் யோசிக்கவே இல்லை. ஹெச்.எஃப். நிற்கும் இடத்தில் பின்பக்கம் மூத்திரம் ஓடாமல் தேங்கும், சாயங்காலம் கழுவியும் விடுவோம். ராத்திரி முழுக்க ஈரம்தான்.

மேட்டுக்காடு

சாயங்காலம் கழுவுகிறீர்களா? பனிக்காலத்தில் கழுவுவதெல்லாம் காலை வெயில் வந்த பிறகு. சாயங்காலம் சாணியை வழித்துப் போட்டு, சாம்பலோ மணலோ தூவினால் போதும்.

பாலாற்றுக்கரை

கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஈரத் தரை. தரைச் சரிவு நாற்பது அடிக்கு ஓர் அடியாவது இருந்தால் மூத்திரம் தானாகக் கால்வாய்க்கு ஓடும். இப்போதைக்கு உடைத்துக் கட்ட முடியாது என்றால் மண்ணோ மணலோ அரை அடி உயரம் கொட்டி மேலே கூளம் போடுங்கள். முட்டியை மடித்து அந்த இடத்தில் நீங்களே ஒரு நிமிடம் மண்டி போடுங்கள். வேட்டி நனைந்தால் மாடும் அங்கே படுக்காது.

சூளகிரி நண்பர் குளிரைப் பற்றிச் சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு. 5 டிகிரி கணக்கெல்லாம் உடம்பு காய்ந்திருக்கும் மாட்டுக்கு. குளிர்நாட்டு இறைச்சி மாடுகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது: அடர்ந்த மயிர் காய்ந்திருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 7, 8 டிகிரி வரை கூடுதல் தீனி இல்லாமலே சமாளிக்கும். அதே மயிர் நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே உடம்பு சூட்டுக்காகத் தீனியை எரிக்க ஆரம்பித்துவிடும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்து மார்கழி வரை இழுக்கிறது. குப்பம் கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மழையில் நனைந்த மாடு, ஈரத் தரை, விடியற்காலைக் காற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் 15 டிகிரியும் குளிர்தான்.

குளிர்நாடு (குடியாத்தத்துக்காரன், இப்போது ஆல்பர்ட்டா)

கனடா வீடியோ என்று பார்த்ததும் எட்டிப் பார்த்தேன். இங்கே ஒரு பண்ணைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன், அதனால் தினமும் கண்ணில் படுகிறது.

அந்த மாடுகள் பனிக்கட்டி மேல் சும்மா கிடக்கவில்லை. இலையுதிர் காலத்திலேயே மயிர் தடித்து வளர்ந்துவிடும், தோலுக்குக் கீழே கொழுப்பும் ஏறும். பனி முதுகில் உருகாமல் கிடக்கிறது என்றால் உடம்புச் சூடு வெளியே போகவில்லை என்று அர்த்தம். இங்கே பனி காய்ந்த பனி, நம் ஊர்த் தூறல் மாதிரி தோல் வரை இறங்காது. தரையில் வைக்கோல் கனமாகப் பரப்புவார்கள். டிசம்பர் கடைசியில் இந்த ஊரில் ராத்திரி 16 மணி நேரம். குளிர் ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் தீனியை ஏறக்குறைய 2 சதவீதம் கூட்ட வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

தார்ப்பாய் விஷயத்துக்கும் இங்கே ஒரு பாடம் இருக்கிறது. காற்றுத் தடுப்பு வேலி கட்டும்போது பலகைகளுக்கு நடுவே வேண்டுமென்றே இடைவெளி விடுகிறார்கள், மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். முழுக்க அடைத்த சுவர் என்றால் காற்று மேலே ஏறி மறுபக்கம் சுழன்று விழும். இடைவெளி விட்டால் காற்று வலுவிழந்து வரும், வேலி உயரத்தைப் போல எட்டு பத்து மடங்கு தூரம் வரை அடங்கியிருக்கும். நம் ஊரில் தென்னங்கீற்றுப் படலே இந்த வேலையைச் செய்யும்.

ராகிக்கொல்லை

எங்களுக்குக் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. அந்தப் பக்கம் மட்டும் படல் கட்டினால் போதுமா?

சூளகிரி பால்

போதும். அதுவும் மாட்டின் முதுகு உயரத்துக்குச் சற்று மேலே வரை. கூரைக்கும் படலுக்கும் நடுவே திறந்தே இருக்கட்டும். சந்தேகமாக இருந்தால் விடியற்காலையில் உள்ளே போய்க் குத்துக்காலிட்டு உட்காருங்கள், மாட்டின் மூக்கு இருக்கும் உயரத்தில். கண் எரிந்தால் காற்றோட்டம் போதாது.

பட்டிக்காரன் (பள்ளிப்பட்டு)

மாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆட்டுக்காரனுக்கும் ராத்திரி உண்டு சாமி.

எங்களிடம் இருப்பது நெல்லூர் செம்மறியும் மெட்ராஸ் சிவப்பும் கலந்த மந்தை. இரண்டுக்குமே கம்பளி மயிர் கிடையாது, குட்டை மயிர்தான். பனிக்கு ஒதுங்கச் சொன்னால் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு படுத்துவிடும், நடுவில் இருப்பவை சூடாகவே இருக்கும். குட்டிகளைத் தனியாக மூங்கில் கூடைக்குள் அடைப்போம். இல்லையென்றால் நெரிசலில் மிதிபட்டுச் சாகும். குளிரில் சாவதைவிட மிதிபட்டுச் சாவதுதான் எங்களுக்குப் பெரிய பயம்.

ராத்திரியில் ஆட்டுக்குத் தீனி வைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. பகலில் வயிறு ரொம்ப வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால் மார்கழியில் பனி காயும் முன் மேய விடுவதில்லை. காலை ஒன்பது மணிக்குத்தான் பட்டியைத் திறக்கிறோம், பொழுதும் சீக்கிரம் சாய்ந்துவிடுகிறது. மேய்ச்சல் நேரம் குறைகிறது. ஆடு இளைக்கிறது. பனிப்புல் வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னதை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது சரிதானா டாக்டர்?

இன்னொன்று. தை அறுப்பு முடிந்ததும் கிடை போட, அதாவது எருவுக்காக மந்தையை ராத்திரி வயலில் படுக்க வைக்க, கூப்பிடுவார்கள். "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்" என்று சொல்லிக் காசும் கொடுப்பார்கள். சில நிலத்துக்காரர்கள் நடுச்சாமத்தில் ஆட்டை எழுப்பி இடம் மாற்றிப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள், எல்லா இடத்திலும் புழுக்கையும் மூத்திரமும் விழ வேண்டுமாம். குளிரில் எழுப்பிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

பாலாற்றுக்கரை

பனிப்புல்லைப் பெரியவர்கள் ஒதுக்கியதற்கு நல்ல காரணம் இருக்கிறது. குடற்புழுவின் இளம்புழுக்கள் ஈரம் இருக்கும்போது புல் நுனிக்கு ஏறி நிற்கும், வெயில் ஏறியதும் அடித்தண்டுக்கு இறங்கிவிடும். ஏரி ஓரத்துப் புல்லில் தட்டைப்புழு வேறு. அதனால் ஒன்பது மணி சரி. இழந்த நேரத்துக்குப் பட்டியிலேயே காலையில் ஏதாவது போடுங்கள். கொள்ளுப் பொட்டு, கடலைக்கொடி, வேம்பு அகத்தி தழை எதுவானாலும் சரி, ஆட்டுக்கு ஒரு கைப்பிடி கொடுத்தால்கூட மேய்ச்சலில் வித்தியாசம் தெரியும். சினையாடுகளுக்குக் கண்டிப்பாக வேண்டும்.

நடுச்சாமத்தில் எழுப்புவது பற்றி: ஒரு தடவை எழுந்து நாலடி நகர்ந்து படுப்பதால் மந்தை கெட்டுவிடாது, ஆடு எழுந்ததும் மூத்திரம் பெய்வது இயல்புதான். ஆனால் குட்டி போட்டவற்றையும் நிறைமாதச் சினையையும் அதில் சேர்க்காதீர்கள். மழை பெய்த ராத்திரியில் யாரையும் எழுப்ப வேண்டாம். சூடேறிய இடத்தைவிட்டு ஈர மண்ணுக்கு மாற்றுவதில் நிலத்துக்காரருக்கு லாபம், உங்களுக்கு நட்டம். பேசி விலையைக் கூட்டிக் கேளுங்கள், அவரே வேண்டாம் என்பார்.

குளிரைவிட உங்களை நான் எச்சரிக்க நினைப்பது நீலநாக்கு நோய். பருவமழைக் காலத்தில் செம்மறியில் வருவது. பரப்புவது கூலிகாய்ட்ஸ் என்ற பொடிப்பூச்சி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஈரச் சாணியிலும் சேற்றிலும் பெருகும், பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிக்கும். காய்ச்சல், உதடு முகம் வீக்கம், மூக்கில் பொருக்கு, நொண்டல் என்று தெரிந்தால் 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தமிழ்நாடு ஆந்திரா எல்லைக்கு இரண்டு பக்கமும் அந்த எண்தான். பட்டியை ஏரிக்கரைப் பள்ளத்தில் போடாமல் மேட்டில் போடுவது பாதி மருந்து. தடுப்பூசியும் உண்டு, மழைக்கு முன்னால் போட்டிருக்க வேண்டும்.

மேட்டுக்காடு

பூச்சிக்குப் புகை போதாதா? வேப்பந்தழை, நொச்சித்தழை போட்டுப் புகை மூட்டுவது எங்கள் வழக்கம்.

பாலாற்றுக்கரை

போடுங்கள் ஐயா, ஆனால் கொட்டாய்க்கு வெளியே, காற்று வரும் பக்கம், பொழுது சாயும்போது ஒரு மணி நேரம். ராத்திரி முழுக்க உள்ளே புகை மூட்டினால் பூச்சியும் போகும், கன்றின் நுரையீரலும் போகும். கன்றுக்கும் குட்டிக்கும்தான் இந்தக் காலத்தில் முதல் கவனம். பெரிய மாட்டுக்கு வயிற்றுக்குள் சூடு இருக்கிறது, பிறந்த கன்றுக்கு அந்த வயிறே இன்னும் வேலை செய்யவில்லை. ஈரத்தைத் துடைத்து, முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். விறைத்துப் போய்ச் சப்பாமல் கிடக்கும் குட்டிக்கு வாயைத் திறந்து பாலை ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். முதலில் சாக்கில் சுற்றிச் சூடாக்குங்கள்.

சூளகிரி பால்

ராத்திரி தீனியில் எனக்குக் கிடைத்த இன்னொரு லாபம். பால் கறந்தவுடன் காம்புத் துளை அரை மணி நேரம் திறந்தே இருக்கும். அப்போது படுத்தால் தரைக் கிருமி உள்ளே போய் மடிநோய் வரும். கறந்த கையோடு தட்டைப் போட்டால் தின்றுகொண்டே நிற்கும், துளையும் மூடிக்கொள்ளும்.

சினை மாட்டுக்கும் ராத்திரி தீனி நல்லது என்கிறார்கள். கனடாவின் மனிட்டோபாவில் கோனஃபல் என்ற பண்ணைக்காரர் 1970களில் ஈனும் மாடுகளுக்குப் பகலுச்சியில் ஒரு தடவை, ராத்திரி பத்து மணி வாக்கில் ஒரு தடவை தீனி போட்டுப் பார்த்தார். பெரும்பாலான கன்றுகள் பகலிலேயே பிறந்தன. இன்றும் அவர் பேரிலேயே அந்த முறை வழங்குகிறது. இங்கே நம் கன்றுகள் நடுச்சாமத்தில் பிறந்து, நாம் டார்ச் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவருக்குக் கட்டாயம் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன், செலவில்லாத காரியம் என்பதால் செய்து பார்க்கலாம்.

குளிர்நாடு

இங்கே இப்போதும் பேசுகிறார்கள். சாயங்காலம் ஒரே தடவை தீனி போட்டாலும் பலன் இருக்கிறது என்கிறார்கள்.

பாலாற்றுக்கரை

ராத்திரி தீனி என்று தலைப்பு ஓடுவதால் பொங்கலுக்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருஷமும் மாட்டுப் பொங்கல் ராத்திரி எனக்குத் தூக்கம் கிடையாது. சர்க்கரைப் பொங்கல், சோறு, வாழைப்பழம் என்று வீட்டுக்கு வீடு ஊட்டி, மாடு வயிறு உப்பி, புளித்த வாடையடித்துக் கீழே விழுந்து கிடக்கும். மாவுச்சத்து திடீரென்று சேர்ந்தால் வயிற்றில் அமிலம் ஏறி நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகும். கும்பிடுங்கள், கொம்புக்குச் சாயம் பூசுங்கள், பொங்கலை ஒரு பிடி வாயில் வையுங்கள். மீதியைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அதிகமாகத் தின்றுவிட்டது என்று தெரிந்தால் தண்ணீர் தொட்டிப் பக்கம் விடாமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ராகிக்கொல்லை

எல்லோருக்கும் நன்றி. மணல் கொட்டி, மேலே கடலைத் தோல் பரப்பியாயிற்று. நேற்று ராத்திரி போய்ப் பார்த்தபோது படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. பாலைப் பற்றி இன்னும் சொல்ல முடியாது, ஒரு வாரம் போகட்டும். பட்டுப்பூச்சி வளர்ப்பில் மிஞ்சும் மல்பெரித் தண்டையும் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டேன், ஆடுகள் சண்டை போட்டுத் தின்கின்றன.

இரண்டு சந்தேகம் இருக்கிறது. ராத்திரி தட்டு போட வசதியாகத் தட்டுப் போரைக் கொட்டாய்க்குப் பக்கத்திலேயே போடலாமா? எங்கள் ஊர் கௌண்டின்யா காட்டை ஒட்டியிருக்கிறது, யானை நடமாட்டம் உண்டு. இன்னொன்று, ராகித் தாள் தீர்ந்துகொண்டிருக்கிறது. வைக்கோல் வாங்கலாமா, கடலைக்கொடியா?

மேட்டுக்காடு

யானை வரும் ஊரில் போரைக் கொட்டாயோடு ஒட்டிப் போடவே கூடாது. கதிர் வாடைக்கு வந்தது என்றால் நடுவில் நிற்கும் மாடும் கொட்டாயும் போகும். தீப்பிடித்தாலும் அதே கதிதான். ஒரு ராத்திரிக்கு வேண்டியதை மட்டும் பகலிலேயே கொண்டுவந்து கொட்டாய் ஓரம் வைத்துக்கொள்ளுங்கள். களத்தில் ராகிக் கதிர் அடிக்காமல் கிடந்தால் அதைத்தான் முதலில் வீட்டுக்குள் ஏற்ற வேண்டும்.

வைக்கோலில் வயிறு ரொம்பும், சத்து குறைவு. கடலைக்கொடியில் சத்து உண்டு, விலையும் உண்டு. இரண்டையும் கலந்து போடுங்கள், கொடி மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே மாடு தொட்டியைத் துடைத்துவிடும். கொடி வாங்கும்போது மேலே பார்த்துவிட்டு வராதீர்கள், கட்டுக்குள்ளே கையை விடுங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தாலோ பூசண வாடை அடித்தாலோ அந்த வண்டியே வேண்டாம். இந்த வருஷம் அறுப்பில் மழை பிடித்த கொடி நிறையச் சந்தைக்கு வருகிறது.